சிவிக் என்னும் சிறுகாரின் சரித்திரம்

மோட்டார் சைக்கிள் செய்வதில் உலகத்திலேயே முதல் ஸ்தானத்தை 1960-களின் தொடக்கத்திலேயே எட்டிப் பிடித்துவிட்ட ஜப்பான் தேசத்து ஹோண்டா நிறுவனம், கார் செய்யும் தொழிலில் மட்டும் 1970-ஆம் ஆண்டு வாக்கில், இதைத் தொடர்ந்து நடத்துவதா, கைவிட்டுவிடுவதா என்று யோசிக்க வேண்டிய சங்கடமான நிலைமைக்கு வந்து சேர்ந்திருந்தது. அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்தது சிவிக் என்ற சிறிய கார். 1972-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்த அந்த வண்டி, நாளது வரையில் பதினொரு தலைமுறைகளைக் கண்டுவிட்டது, கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது, பல கண்டங்களில் அதற்கென்று தொழிற்சாலைகள் எழுந்தன, சில மூடவும்பட்டன. ஆனால் எண்ணிக்கையைக் காட்டிலும் யோசனைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. சிறிய கார் என்ற ஒரே லட்சணத்தால் புகழ் பெற்ற இவ்வண்டி, தலைமுறைக்குத் தலைமுறை நீண்டும் அகன்றும் கனத்தும், கடைசியில் தான் பிறந்த வகுப்பை விட்டே வெளியேறிவிட்டது. அது ஏன் அப்படி வளர்ந்தது, வளர்ந்ததில் எதைப் பெற்றது, எதை இழந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவனத்தின் ஸ்தாபகரான ஹோண்டா ஸொய்ச்சிரோ ஒரு கொல்லரின் மகன். பட்டறை வேலையைக் கையால் பழகி, டோக்கியோவில் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் சிறுவனாக ஊழியம் செய்து, பிறகு பிஸ்டன் வளையம் செய்யும் தொழில் நடத்தி, மகாயுத்தம் முடிந்து ஊரெல்லாம் இடிபாடாகக் கிடந்த 1946-ஆம் ஆண்டில் ஹமாமட்ஸு நகரத்தில் ஒரு சிறு கொட்டகையை எழுப்பி, ராணுவத்தார் கம்பியில்லாத் தந்திக்காக வைத்திருந்த சிறிய எஞ்சின்களைச் சைக்கிள்களில் பொருத்தி விற்றவர் அவர். கணக்கு வழக்கையும் வியாபாரத்தையும் கவனித்துக்கொள்ள ஃபுஜிஸாவா டக்கேயோ என்ற கூட்டாளி 1949-இல் வந்து சேர்ந்தார். ஒருவர் யந்திரத்தைத் தவிர வேறொன்றையும் பாராதவர்; மற்றவர் யந்திரத்தை விட்டு மற்ற யாவற்றையும் பார்த்துக்கொண்டவர். இத்தகைய இருவர் சேர்ந்தால் ஒரு ஸ்தாபனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹோண்டாவின் மோட்டார் சைக்கிள் வெற்றியே போதுமான சாட்சி.

கார் தொழில் அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. 1960-களின் ஆரம்பத்தில் ஜப்பானிய அரசாங்கம், கார் நிறுவனங்கள் ஏற்கெனவே இருப்பவை போதும், புதியவை வேண்டாம் என்ற கருத்துடன் ஒரு சட்டத்தைக் கொண்டுவர முயன்றபோது, ஸொய்ச்சிரோ அதைக் கடுமையாக எதிர்த்ததோடு நில்லாமல், சட்டம் வருமுன் தமக்கும் அத்தொழிலில் பாத்தியதை உண்டு என்று நிலைநாட்டுவதற்காக, 1963-இல் ஒரு குட்டி லாரியையும் ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரையும் அவசரமாக வெளியிட்டார். சட்டம் நிறைவேறவில்லை, கார்கள் நிலைத்தன. 1967-இல் வந்த என்360 என்ற 354 சி.சி. குட்டிக் கார் நன்றாக விற்றது. ஆனால் அதற்கு மேற்பட்ட அளவில், உலகச் சந்தைக்கு ஏற்றதொரு காராக 1969-இல் செய்த ஹோண்டா 1300 பெரிய தோல்வியில் முடிந்தது.

அந்தத் தோல்வியின் காரணம் கவனிக்கத் தக்கது. தண்ணீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினிலும் அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றுத்தானே குளிர்விக்கிறது. ஆகவே நடுவில் தண்ணீர் எதற்கு, நேராகக் காற்றையே விடலாமே என்பது ஸொய்ச்சிரோவின் அசையாத சித்தாந்தம். தர்க்கத்துக்கு அழகாக இருந்த இந்தச் சித்தாந்தம் வண்டியில் ஏறியபோது அழகாக இல்லை. 1300 சி.சி.க்குள் நூறு குதிரைத்திறனை அந்த எஞ்சின் கொடுத்தது உண்மையே. ஆனால் காற்றைச் செலுத்துவதற்கான இரட்டைச் சுவர்களும் விசிறியும் சேர்ந்து எஞ்சின் கனத்துப்போய், முன்பக்கம் பாரமாகி, விலையும் ஏறிவிட்டது. அதற்கு முந்திய வருஷத்தில், காற்றால் குளிரும் எஞ்சின் பூட்டிய ஹோண்டாவின் பந்தயக் கார் பிரான்ஸ் தேசத்து ரூவான் பந்தயத்தில் தீப்பற்றி, அதை ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் உயிரிழந்த துயரமும் நேர்ந்திருந்தது. நிறுவனத்தின் இளம் இன்ஜினியர்களோ, இனி வரப்போகும் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களுக்கு எஞ்சினின் உஷ்ணத்தை நுட்பமாக ஆளவேண்டியிருக்கும், அதற்குத் தண்ணீரே தக்கது என்று வாதாடினார்கள். ஸ்தாபகரை எதிர்த்துப் பேசுவது ஜப்பானிய சம்பிரதாயத்தில் லேசான காரியமல்ல. முடிவில் ஃபுஜிஸாவா தலையிட்டு, நீங்கள் இந்த நிறுவனத்தின் தலைவராக இருக்க விரும்புகிறீர்களா, இன்ஜினியராக இருக்க விரும்புகிறீர்களா என்ற கருத்தில் ஒரு கேள்வி கேட்டதாகவும், தலைவராகவே இருப்பேன் என்று சொன்ன ஸொய்ச்சிரோ அன்றோடு தண்ணீருக்குச் சம்மதம் கொடுத்ததாகவும் அந்நிறுவனத்தின் வரலாறு கூறுகிறது. சிவிக்கின் பிறப்பு அந்தச் சம்மதத்திலிருந்து தொடங்குகிறது எனலாம்.

புதிய காருக்கு இன்ஜினியர்கள் வகுத்துக்கொண்ட கொள்கை எளிமையானது: மிகச் சிறிய நிலப்பரப்பில் நான்கு பேர் சௌகரியமாக உட்கார வேண்டும், பகட்டு வேண்டாம், உலகத்தின் எந்த நகரத்திலும் ஓட வேண்டும். எஞ்சினை முன்புறத்தில் குறுக்காக வைத்து முன்சக்கரங்களையே சுழலச் செய்யும் முறையை 1959-இலேயே இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் தமது மினி காரில் செய்து காட்டியிருந்தார். அந்த முறையால் நெடுக்காகப் போகும் உருளைத் தண்டுக்கு இடம் கொடுக்க வேண்டிய அவசியம் நீங்கி, தரை சமதளமாகி, மனிதருக்கு இடம் மிகுந்தது. ஹோண்டாவின் இன்ஜினியர்கள் அதை ஏற்று, நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி ஸ்பிரிங் அமைப்பைக் கொடுத்து, மேலே குறுகிக் கீழே அகன்று தரையில் உறுதியாக நிற்கும் ஒரு குட்டை வடிவத்தை உண்டாக்கினார்கள். நீளம் 3 மீட்டர் 40 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 600 கிலோ, 1169 சி.சி. எஞ்சின், 60 குதிரைத்திறன். முதலில் இரண்டு கதவும் தனி டிக்கியும் கொண்ட வண்டி வந்தது. சில வாரங்களுக்குள் பின்புறம் முழுவதும் ஒரே கதவாக மேலே தூக்கித் திறக்கும் வடிவமும் சேர்ந்துகொண்டது. நீண்ட மூக்கும் நீண்ட வாலும் உள்ளதே கௌரவமான கார் என்று எண்ணியிருந்த அக்காலத்து ஜப்பானியருக்கு, வால் வெட்டுண்டது போன்ற இந்த வண்டி விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். ஆயினும் அதற்கு ஆதரவு பெருகிற்று. அந்நாட்டு மோட்டார் பத்திரிகை வழங்கிய வருஷத்தின் சிறந்த கார் என்ற விருதும் தொடர்ந்து மூன்று வருஷங்கள் அதற்கே கிடைத்தது.

சிவிக்கை உலகப் பிரசித்தமாக்கியது அதன் வடிவமன்று, அதன் புகை. 1970-இல் அமெரிக்கச் சட்டசபை, செனட்டர் எட்மண்ட் மஸ்கியின் முயற்சியால், காற்றுத் தூய்மைச் சட்டத்தைக் கடுமையாகத் திருத்தி, கார்கள் வெளியிடும் கார்பன் மோனாக்ஸைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும் 1975-ஆம் வருஷத்து மாடல்களுக்குள்ளும், நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அதற்கடுத்த வருஷத்துக்குள்ளும், தொண்ணூறு சதவீதம் குறைத்தே தீரவேண்டும் என்று விதித்தது. டெட்ராய்ட் நகரத்துப் பெரிய கம்பெனிகள் இது அசாத்தியம் என்று முறையிட்டன. கால அவகாசம் கேட்டன. 1973-இல் ஒரு வருஷ அவகாசம் பெறவும் செய்தன. கடைசியாக இத்தொழிலில் நுழைந்த ஹோண்டாவோ, எல்லா நிறுவனங்களும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்கும் அபூர்வமான சந்தர்ப்பம் இது என்று கருதி, தன் ஆராய்ச்சிச்சாலையின் முழு பலத்தையும் அதில் செலுத்தியது.

அவர்கள் கண்டுபிடித்த உபாயத்துக்கு சி.வி.சி.சி. என்று பெயர். பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையில் பெட்ரோல் குறைவாயிருந்தால் புகை குறையும். ஆனால் அப்படி மெலிந்த கலவை ஸ்பார்க் பிளக்கின் பொறிக்கு எளிதில் பற்றாது. இந்த முரண்பாட்டைத் தீர்க்க, ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் ஒரு சிறு முன்னறையை அமைத்து, அதற்கென்று ஒரு குட்டி வால்வும் வைத்து, அங்கே மட்டும் பெட்ரோல் செறிந்த கலவையை விட்டார்கள். பொறி அந்தச் செறிந்த கலவையைப் பற்றவைக்கும். அங்கு எழுந்த ஜுவாலை பெரிய அறைக்குள் பாய்ந்து, மெலிந்த கலவையை நிதானமாகவும் முழுமையாகவும் எரித்துவிடும். எரிந்த பிறகு புகையைச் சுத்தம் செய்ய வால்குழாயில் விலையுயர்ந்த உலோகங்கள் அடங்கிய கருவி எதுவும் வேண்டியதில்லை. எரியும்போதே புகை குறைவாகப் பிறக்கும்படி செய்ததுதான் இந்த முறையின் சிறப்பு. 1972 டிசம்பரில் இந்த எஞ்சின் பூட்டிய கார்கள் அமெரிக்க அரசாங்கத்தின் ஆன் ஆர்பர் பரிசோதனைச்சாலையில் சோதிக்கப்பட்டு, 1975-ஆம் வருஷத்துக்கென்று விதித்த அளவுகளுக்கு முதன்முதலாக உட்பட்டவை என்று சான்று பெற்றன. மறுவருஷம் டிசம்பரில் அந்த எஞ்சின் சிவிக்கிலேறி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

சிறிய எஞ்சினுக்குத்தான் இந்த வித்தை செல்லும், அமெரிக்கரின் பெரிய எஞ்சின்களுக்குச் செல்லாது என்று ஒரு பேச்சு எழுந்தது. ஹோண்டா நிறுவனத்தார் அதற்கு அறிக்கையால் பதில் சொல்லவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த எட்டு சிலிண்டர் ஷெவர்லே இம்பாலா ஒன்றை வாங்கி, அதன் எஞ்சின் தலைகளைத் தங்கள் முறைப்படி மாற்றி, 1973-இல் அதே ஆன் ஆர்பருக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் பெரிய வண்டியும் பரிசோதனையில் தேறியது. மோட்டார் தொழிலின் சரித்திரத்தில் இதைவிட மரியாதையான மறுமொழியும் இல்லை, இதைவிடக் கூர்மையான மறுமொழியும் இல்லை. டொயோட்டாவும் ஃபோர்டும் அந்த முறையைப் பயன்படுத்த ஹோண்டாவிடம் லைசென்ஸ் பெற்றுக்கொண்டன.

இந்த விஷயத்தில் மனிதர் சம்பந்தமான ஒரு செய்தியும் உண்டு. சி.வி.சி.சி.யால் அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளையும் நாம் முந்திவிடலாம் என்று ஸொய்ச்சிரோ உற்சாகப்படுத்தியபோது, நாங்கள் கம்பெனிக்காக இதைச் செய்யவில்லை, நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்காகச் செய்கிறோம் என்ற பொருளில் இளம் இன்ஜினியர்கள் பதில் சொன்னார்களாம். தம்முடைய எண்ணம் கம்பெனியின் நலனோடு நின்றுவிட்டது, இவர்களுடையது அதைக் கடந்துவிட்டது என்று உணர்ந்த அந்தப் பெரியவர், 1973-இல், தமது அறுபத்தாறாம் வயதில், ஃபுஜிஸாவாவோடு சேர்ந்து பதவியிலிருந்து விலகினார். நாற்பத்தைந்து வயதான கவாஷிமா கியோஷி தலைவரானார். ஸ்தாபகரின் பிள்ளைகளுக்குப் பட்டம் கட்டும் வழக்கம் அங்கே ஏற்படவில்லை.

அதே 1973-ஆம் ஆண்டின் அக்டோபரில் அரபு தேசங்கள் பெட்ரோலியத்தை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளின் முன்னே வரிசைகள் நீண்டன. புகைக்காகச் செய்த கார், சிக்கனத்திலும் சிறந்தது என்று அப்போது வெளிப்பட்டது. 1974 முதல் நான்கு வருஷங்கள் அமெரிக்க அரசாங்கத்தின் எரிபொருள் சிக்கனப் பட்டியலில் சிவிக்கே முதலிடத்தில் நின்றது. குறையில்லாமலும் இல்லை, பனிக்காலத்தில் வீதிகளில் உப்பைத் தூவும் வட அமெரிக்க மாகாணங்களில் அதன் முன்பக்க மட்கார்டுகள் சீக்கிரத்தில் துருப்பிடித்துப் போயின, நிறுவனமும் அவற்றுக்குப் பரிகாரம் செய்து கொடுக்க நேர்ந்தது. ஆயினும், பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் ஜப்பானியக் கார் சிவிக்கே ஆயிற்று. அதைப் போன்ற சாதனத்தைச் செய்ய டெட்ராய்டுக்கு வெகுகாலம் பிடித்தது.

1979-இல் வந்த இரண்டாம் தலைமுறை, முதல் தலைமுறையைச் சற்றே பெரிதாக்கியது. அதைக் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. ஆனால் அதன் காலத்தில் ஏற்பட்ட ஓர் அரசியல் ஒப்பந்தம் பின்னால் வந்த எல்லாத் தலைமுறைகளையும் பாதித்தது. 1981-இல், அமெரிக்கத் தொழிலாளரின் அதிருப்திக்கு அஞ்சி, ஜப்பானிய அரசாங்கம் அமெரிக்காவுக்கு வருஷமொன்றுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் கார்களுக்கு மேல் அனுப்புவதில்லை என்று தானாகவே ஒரு வரம்பை விதித்துக்கொண்டது. வரம்பு எண்ணிக்கைக்கே அன்றி மதிப்புக்கு அல்ல. இத்தனை கார்கள்தாம் அனுப்பலாம் என்று ஆகிவிட்டால், எந்த வியாபாரியும் விலை குறைந்த சிறிய காரைவிட விலை கூடிய பெரிய காரையே கப்பலில் ஏற்ற விரும்புவான் அல்லவா? இவ்வாறு, அந்நியக் கார்களைத் தடுக்க நினைத்த ஏற்பாடு, அந்நியக் கார்களைப் பெரியவையாகவும் சிறப்பானவையாகவும் ஆக்கிற்று. அதோடு அமெரிக்க மண்ணிலேயே தொழிற்சாலை வைக்கும் யோசனையையும் ஊக்குவித்தது. 1982-இல் ஓஹையோ மாகாணத்து மேரிஸ்வில்லில் ஹோண்டாவின் கார் தொழிற்சாலை வேலை தொடங்கியது. சில வருஷங்களில் சிவிக்கும் அங்கே உற்பத்தியாயிற்று.

1983-இன் மூன்றாம் தலைமுறையும் 1987-இன் நான்காம் தலைமுறையும் சிவிக்கின் வரலாற்றில் யௌவனப் பருவம் என்று சொல்லத் தக்கவை. மனிதனுக்கு அதிகபட்ச இடம், யந்திரத்துக்குக் குறைந்தபட்ச இடம் என்ற பழைய கொள்கையை ஹோண்டா இப்போது வெளிப்படையாக முழங்கியது. மூன்றாம் தலைமுறையில் கூரையைப் பின்கோடி வரை நீட்டி, திடீரென்று செங்குத்தாக வெட்டிவிட்ட அந்த வடிவத்தில், உள்ளே விசாலமும் வெளியே நேர்த்தியும் ஒன்றாகப் பொருந்தின. 1984-இல் ஜப்பானின் சிறந்த வடிவமைப்புக்கான உயர்ந்த பரிசு அந்தக் காருக்கு அளிக்கப்பட்டது. நான்காம் தலைமுறையில், பந்தயக் கார்களுக்கும் விலைமிக்க வண்டிகளுக்கும் உரியதாக இருந்த இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனை நான்கு சக்கரங்களுக்கும் பொருத்தினார்கள். சாதாரண ஆசிரியரும் குமாஸ்தாவும் வாங்கும் காரில், வளைவுகளில் சக்கரம் தரையைப் பிடித்துக்கொள்ளும் அந்த நுட்பத்தை வைத்தது வீண்செலவு என்று கணக்குப் பிள்ளைகள் கருதியிருக்கலாம். ஓட்டினவர்கள் அப்படிக் கருதவில்லை.

1989-இல் சிவிக்கின் எஸ்.ஐ.ஆர். என்ற வகையில் விடெக் எஞ்சின் ஏறியது. எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் என்னும் முட்டைவடிவத் துண்டை, நிதான ஓட்டத்துக்கு ஏற்றபடி செதுக்கினால் வேகத்தில் மூச்சு முட்டும். வேகத்துக்கு ஏற்றபடி செதுக்கினால் நகரத்து நெரிசலில் தடுமாறும். விடெக் முறையில் இரண்டு வகைக் கேம்களையும் ஒரே தண்டில் வைத்து, சுழற்சி ஓர் அளவைத் தாண்டியதும் எண்ணெயின் அழுத்தத்தால் ஒரு சிறு ஊசி நகர்ந்து, வால்வுகளை வேகமான கேமோடு பூட்டிவிடும். இதனால் 1595 சி.சி. எஞ்சின் 160 குதிரைத்திறனைக் கொடுத்தது. லிட்டருக்கு நூறு குதிரைத்திறன் என்பது டர்போவின் துணையின்றி வீதியில் ஓடும் வண்டிக்கு அந்நாளில் பெரும் ஆச்சரியம். அதே நுட்பத்தை 1991-இன் ஐந்தாம் தலைமுறையில் நேர்மாறான காரியத்துக்கும் பயன்படுத்தினார்கள்: நிதான ஓட்டத்தில் இரண்டு வால்வுகளில் ஒன்றை அநேகமாக மூடியே வைத்து, உள்ளே வரும் கலவையைச் சுழலச் செய்து, மெலிந்த கலவையையே எரித்துப் பெட்ரோலை மிச்சம் பிடித்தார்கள். ஒரே கண்டுபிடிப்பு ஒரு காரில் வேகமாகவும் மறு காரில் சிக்கனமாகவும் உருவெடுத்தது.

ஐந்தாம், ஆறாம் தலைமுறைகளின் காலத்தில் சிவிக்குக்கு எதிர்பாராத பக்தர்கள் கிடைத்தார்கள். கலிபோர்னியாவின் இளைஞர்கள், பெற்றோரிடமிருந்தோ பழைய கார் சந்தையிலிருந்தோ குறைந்த விலையில் கிடைத்த சிவிக்குகளை வாங்கி, கழற்றி, உயரத்தைக் குறைத்து, வேறு எஞ்சின்களைப் பூட்டி, இரவு நேரங்களில் பந்தயம் விட்டார்கள். வண்டி இலகுவாக இருந்தது; உறுப்புகள் ஒரு மாடலிலிருந்து மற்றொன்றுக்குப் பொருந்தின; எஞ்சின் எத்தனை வதைத்தாலும் தாங்கிற்று. 2001-இல் வெளிவந்த ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃப்யூரியஸ்’ என்ற ஹாலிவுட் படத்தில் லாரிகளைக் கொள்ளையிடும் கூட்டம் கறுப்பு நிறச் சிவிக்குகளில் வருவது அக்கலாசாரத்தின் பிரதிபலிப்பே. நிறுவனமும் தன் பங்குக்கு 1997-இல் டைப்-ஆர் என்ற 185 குதிரைத்திறன் கொண்ட சிவிக்கை வெளியிட்டது. குடும்பஸ்தருக்காகச் செய்த சிக்கனக் கார், சாகசத்துக்கு அடையாளமாகிவிட்டது.

2000-ஆம் ஆண்டின் ஏழாம் தலைமுறை ஒரு திருப்பம். முன்சக்கரங்களின் இரட்டை விஷ்போனை எடுத்துவிட்டு, இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்தும் ஸ்ட்ரட் முறையை வைத்தார்கள். தரை சமதளமாயிற்று, குடும்பங்கள் மகிழ்ந்தன, பழைய பக்தர்கள் முகம் சுளித்தார்கள். 2001 டிசம்பரில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் சிவிக் வந்தது. ஆனால் அந்த வருஷத்தின் முக்கியமான சம்பவம் சிவிக்கில் நேரவில்லை. அதே நிறுவனம் ஃபிட் என்ற பெயரில், பிற தேசங்களில் ஜாஸ் என்ற பெயரில், ஒரு புதிய சிறிய காரை வெளியிட்டதே அச்சம்பவம். பெட்ரோல் டாங்கியை முன் ஆசனங்களின் அடியில் ஒளித்து, நான்கு மீட்டருக்குட்பட்ட நீளத்தில் வியக்கத்தக்க இடத்தைக் கண்டெடுத்த அந்தக் கார், 2002-இல் ஜப்பானில் அதிகமாக விற்பனையாகி, 33 வருஷம் தொடர்ந்து முதலிடம் வகித்த டொயோட்டா கொரோல்லாவைக் கீழே இறக்கியது. 1972-இல் சிவிக் எந்தக் கொள்கைக்காகப் பிறந்ததோ, அந்தக் கொள்கை இப்போது வேறொரு பெயரில் குடியேறிவிட்டது.

2005-இன் எட்டாம் தலைமுறையில் அந்தப் பிரிவு பூரணமாயிற்று. ஜப்பானில் ஒரு கார் சிறிய கார் என்ற வகுப்பில் பதிவாக வேண்டுமானால், அகலம் 1 மீட்டர் 70 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. எட்டாவது சிவிக் அந்த எல்லையைத் தாண்டி ஐந்து சென்டிமீட்டர் அகன்றது. அமெரிக்காவில் அதற்கு வருஷத்தின் சிறந்த கார் என்ற விருது கிடைத்தது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெட்ரோல் விலை உச்சிக்கு ஏறியபோது, ஃபோர்டின் புகழ்பெற்ற பிக்கப் லாரியையும் பின்தள்ளி, அமெரிக்காவில் அந்த மாதம் அதிகமாக விற்ற வாகனமாயிற்று. ஆனால் பிறந்த வீட்டில் அதை வாங்குவோர் அருகிப்போய், 2010-இல் ஜப்பானிய விற்பனையே நின்றது.

நம் தேசத்துக்குச் சிவிக் வந்து சேர்ந்ததும் இந்த எட்டாம் தலைமுறையில்தான். 2006-ஆம் ஆண்டில், டில்லியை அடுத்த கிரேட்டர் நொய்டா தொழிற்சாலையிலிருந்து, 1800 சி.சி. எஞ்சினும் இரண்டு அடுக்காக அமைந்த மீட்டர்களும் தாழ்ந்த உருவமுமாக அது வெளிவந்தபோது, டாக்டர்களும் கம்பெனி அதிகாரிகளும் வாங்கும் பெரிய கார் என்றே நம்மவர் அதை அறிந்தார்கள். வேகத்தடைகளில் அடிவயிறு உரசுகிறது என்பதே அதைப் பற்றிய பொதுவான குறையாக இருந்தது. அதே வருஷத்து மத்திய பட்ஜெட்டில், நான்கு மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோலானால் 1200 சி.சி.க்கும் மேற்படாத கார்களைச் சிறிய கார்கள் என்று வரையறுத்து, அவற்றின் உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்திருந்தார்கள். 3 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளமும் 1169 சி.சி. எஞ்சினும் கொண்ட 1972-ஆம் வருஷத்துச் சிவிக், அந்த வரையறைக்குள் அளவெடுத்தாற்போல் அடங்கியிருக்கும். முப்பத்துநான்கு வருஷம் முந்திப் பிறந்த மூதாதைக்குரிய சலுகையை, வந்திறங்கிய பேரப்பிள்ளை பெற முடியவில்லை. 2013-இல் இங்கே அதன் விற்பனை நின்றது. 2019-இல் பத்தாம் தலைமுறையோடு திரும்பி வந்து, 2020 டிசம்பரில் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டதோடு மறுபடியும் மறைந்தது.

2011-இன் ஒன்பதாம் தலைமுறை ஒரு பாடம். 2008-இன் பொருளாதார நெருக்கடி நடுவே உருவாக்கப்பட்ட அந்த வண்டியில், செலவைக் குறைக்கும் கை எல்லா இடத்திலும் தெரிந்தது. உள்ளே மலிவான பிளாஸ்டிக், வெளியே புதுமையின்மை. அமெரிக்க நுகர்வோர் பத்திரிகையான ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’, வாங்கத் தக்க கார்களின் வரிசையிலிருந்து அதை நீக்கிவிட்டது. சிக்கனம் என்பது உபயோகிப்பவனுக்காகச் செய்யப்படும்போது குணம், அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளப்படும்போது குற்றம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. நிறுவனம் சால்ஜாப்புச் சொல்லிக்கொண்டிராமல், ஒன்றரை வருஷத்துக்குள் வண்டியைத் திருத்தி வெளியிட்டது. 2015-இன் பத்தாம் தலைமுறை, 1500 சி.சி. டர்போ எஞ்சினோடு, தாழ்ந்தும் அகன்றும் நீண்டும் வந்து, இழந்த மதிப்பை மீட்டது. ஜப்பானுக்கும் 2017-இல் திரும்பியது. இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்தில் 1990-களிலிருந்து சிவிக் செய்துவந்த தொழிற்சாலை மட்டும் 2021 ஜூலையில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேறு வேலை தேட வேண்டியதாயிற்று.

2021-இல் வந்த பதினொன்றாம் தலைமுறைதான் இப்போது ஓடுகிறது. வெளிவந்தபோது அமெரிக்காவில் விற்ற நான்கு கதவு வண்டியின் நீளம் 4 மீட்டர் 67 சென்டிமீட்டர். ஜப்பானிய வண்டியின் எடை 1,330 கிலோவுக்குக் குறையாது. முதல் சிவிக்கோடு ஒப்பிட்டால் நீளம் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது, எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சிவிக்கைவிடப் பெரிய காராக 1976-இல் அதே நிறுவனம் செய்த அக்கார்டைக் காட்டிலும் இன்றைய சிவிக் அரை மீட்டர் நீளம். ஆனால் மற்றொரு கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். 1169 சி.சி. எஞ்சின் 60 குதிரைத்திறன் கொடுத்த இடத்தில், 1496 சி.சி. எஞ்சின் 182 குதிரைத்திறன் கொடுக்கிறது. எஞ்சின் கால் பங்கு பெருத்தது, பலம் மூன்று பங்காயிற்று. உடல் வளர்ந்த அளவுக்கு யந்திரம் பெருக்கவில்லை; அறிவே பெருகிற்று.

வளர்ச்சிக்குப் பழியை யார்மேல் சுமத்துவது? மோதலில் பிரயாணி பிழைக்க வேண்டும் என்று சட்டங்கள் வற்புறுத்தின. கதவுகளுக்குள் உருக்குச் சட்டங்களும் முன்னால் நசுங்கித் தரும் பகுதிகளும் காற்றுப்பைகளும் எடையைக் கூட்டின. அதை வேண்டாமென்று சொல்பவர் இரார். எண்ணிக்கைக்கு வைத்த ஏற்றுமதி வரம்பு பெரிய கார்களுக்கு ஊக்கம் கொடுத்தது. அமெரிக்கச் சந்தையே பிரதானமான பிறகு அந்நாட்டு விசாலமான சாலைகளே அளவுகோலாயின. எல்லாவற்றுக்கும் மேலாக, இருபத்தைந்து வயதில் சிவிக் வாங்கியவன் முப்பத்தைந்து வயதில் மனைவி மக்களோடு அதே பெயரைத் தேடி வந்தான். அவனை இழக்க மனமில்லாத நிறுவனம், அவன் வளர வளரக் காரையும் வளர்த்தது. பெயருக்கு விசுவாசமாக இருந்தவர்களே அந்தப் பெயரின் ஆதிப்பொருளை மாற்றிவிட்டார்கள்.

ஆகவே, சிவிக்கின் பெருமை அதன் சிறுமையில் மட்டும் இருந்ததென்று கொள்வது சரியாகாது. புகை ஒரு பிரச்சினையானபோது புகைக்கும், பெட்ரோல் பஞ்சமானபோது பெட்ரோலுக்கும், சாதாரணக் கார் சலிப்பூட்டியபோது ஓட்டும் இன்பத்துக்கும் அந்தந்தத் தலைமுறை ஒரு விடை வைத்திருந்தது. விடையில்லாமல் வந்த ஒரு தலைமுறையை ஜனங்கள் தயவு தாட்சணியமின்றி ஒதுக்கினார்கள். ஆனால் ஒரு கடமை பாக்கி நிற்கிறது. இடநெருக்கடியும் எரிபொருள் செலவும் 1972-ஐவிட இன்றைய நகரங்களில் கடுமையாக இருக்கின்றன. சாமானியக் குடும்பம் வாங்கக்கூடிய, சிறிய இடத்தில் நிற்கக்கூடிய, குறைந்த எடையுள்ள, அதே சமயம் பாதுகாப்பில் குறைவுபடாத காரைச் செய்வது இன்னும் தீராத கணக்கு. அந்தக் கணக்கைத் தீர்க்கும் இன்ஜினியர்கள், எந்தத் தேசத்தவராயினும், எந்தப் பெயரை அந்தக் காருக்கு வைத்தாலும், முதல் சிவிக்கின் உண்மையான வாரிசுகள் அவர்களே.